எண்ணெய்ச் சட்டியும் கிதாரும்

டிசம்பர் 8, நாகர்கோவில்

தெருமுனை ஒலிபெருக்கி விடியற்காலையிலேயே தொடங்கிவிட்டது. இனி கிறிஸ்துமஸ் வரை ஓயாது. ‘சந்தோஷப்படு, சந்தோஷப்படு’ என்று அதட்டுவதுபோல் இருக்கிறது. அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டுக் கைபேசியில் வேறொன்றை ஓடவிட்டேன். கிதாரும் ஆர்கெஸ்ட்ராவும் மட்டும் வாசிக்கும் கிறிஸ்துமஸ் பாடல்கள். அத்தை தேங்காய் துருவியபடியே இரண்டு பாட்டுவரை பொறுத்திருந்தார்.

“பாடுகிற ஆள் எப்போது வருவார், மக்களே?”

வரவே மாட்டார் என்றேன். தேங்காய் மூடியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

டிசம்பர் 12

பாடகர் குழு இன்று ‘ஒப்பில்லா திரு இரா’ பழகியது, ‘சைலன்ட் நைட்’ பாட்டின் தமிழ் வடிவம். ஆர்கன் இல்லாமல் அந்தப் பாட்டை நினைத்துப் பார்க்கவே நமக்கு வராது. ஆனால் 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டோர்ஃப் ஊரில் அது முதன்முதலாக ஒலித்தது ஒரு கிதாரோடுதான். உதவிக் குரு யோசேப் மோர் கிதாரை மீட்டிக்கொண்டே பாட, பக்கத்து ஊர் ஆசிரியர் ஃபிரான்ஸ் க்ரூபர் கீழ்க்குரலில் சேர்ந்துகொண்டார். வரிகள் மோர் 1816இல் எழுதியவை, மெட்டு க்ரூபருடையது. ஆர்கனை எலி கடித்துவிட்டதால்தான் கிதாரை எடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. ஆதாரம் கிடையாது, ஆனால் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளிடம் அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

பின்னாளில் க்ரூபரே அதை ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதினார். ஆகவே இந்த மெட்டுக்குக் கிதாரும் புதிதில்லை, வயலினும் புதிதில்லை.

டிசம்பர் 17

முந்திரிக்கொத்து பொரித்தோம். பயறும் தேங்காயும் எள்ளும் பாகில் சேர்த்துப் பிடித்த உருண்டைகள், மாவில் தோய்த்து மூன்று மூன்றாக எண்ணெயில். முதல் கொத்து விழுந்து எண்ணெய் சீறியதும் கைபேசியில் கிதார் காணாமல் போயிற்று. வயலின்கள் மட்டும் கேட்டன. அடுப்பை அணைத்த பிறகுதான் திரும்பி வந்தது.

கிதாரின் சுபாவமே அப்படி. நரம்பை மீட்டிய கணத்தில்தான் ஒலி உச்சம்; மறுகணமே தேயத் தொடங்கிவிடும். வயலின் வில் இழுக்க இழுக்க நீளும், வேண்டுமானால் பெருகவும் செய்யும். ஒலிவாங்கி இல்லாத மேடையில் முப்பது வயலின்கள் முழு மூச்சில் இழுத்தால் ஒரு கிதார் என்ன ஆகும்? நல்ல இசையமைப்பில் கிதார் ஒரு புள்ளி வைக்கும், வயலின்கள் அதைத் தரையில் விழாமல் ஏந்திக்கொள்ளும். மட்டமானதில் மணி, ஹார்ப், எக்காளம் எல்லாம் ஒன்றாகக் கொட்டும். கல்யாண வீட்டுப் பந்தி.

பாடகர் இருந்தால் அவரே வரியை முடித்துவிடுகிறார். கிதாரில் கடைசிச் சுரம் தேய்ந்து போகும்போது மிச்சத்தை நான் மனத்துக்குள் பாடிக்கொள்கிறேன். என் குரலை யாரும் குறை சொல்வதில்லை.

டிசம்பர் 21

பட்டியலில் அத்தைக்கு ஒன்று மட்டும் பிடித்துவிட்டது: கத்தலோனிய நாட்டுப்புறத் தாலாட்டு, ‘எல் நோய் தெ லா மாரெ’. கத்தலோனியக் கிதார் கலைஞர் மிகேல் யோபெட் கிதாருக்கு அமைத்தது. ஸ்பானியக் கிதார் மேதை செகோவியா விரும்பி வாசித்தது. என்ன பாட்டு இது என்றார். அம்மாவின் பிள்ளைக்கு என்ன கொடுப்போம் என்று கேட்டு, உலர் திராட்சை, அத்திப்பழம், தேன் என்று அடுக்கும் பாட்டு என்றேன்.

“உலர் திராட்சையா? முந்திரிக்கொத்தே கொடுத்திருக்கலாமே.”

சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது, பழைய தமிழில் முந்திரி என்றாலே திராட்சைதான்.

டிசம்பர் 24

வீடு வீடாகப் பாடிவரும் கீதபவனி இரவு பதினொன்றரைக்கு வந்தது. டிரம்ஸ், தாளம், இருபது தொண்டைகள். ஓரமாக ஒரு பையன் கிதாரோடு நின்றான். விரல்கள் ஓடுவது தெரிந்தது, ஒரு சுரமும் கேட்கவில்லை.

அத்தை தாம்பாளத்தோடு வெளியே வந்தார். எல்லார் கையிலும் இரண்டிரண்டு முந்திரிக்கொத்து. பையனிடம் வந்ததும் தாம்பாளத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“உனக்குத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், மக்களே. இவர்கள் வாய் நிறைந்திருக்கும்போதே அந்தத் திண்ணையில் உட்கார்ந்து ஒன்று வாசி.”