ஆண்டாள் கைக் கிளி

பெண்ணுக்கு வரன் அமைந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து ஆண்டாளுக்கு மாலை சாற்றுகிறோம் என்று வேண்டிக்கொண்ட வீடுகள் விருதுநகர் மாவட்டத்தில் எத்தனையோ. அந்த வேண்டுதலோடு வருபவர்கள் முதல் நாள் மாலையே ஊருக்குள் வந்துவிடுவது நல்லது. மதுரையிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மதியம் நடை சாத்தினால் நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள். பதினொரு நிலை ராஜகோபுரத்தைப் பார்த்து நேரே நுழைந்தால் வடபத்ரசாயி பெருமாள் சன்னதிதான் வரும். ஆண்டாள் தாயார் கோயில் தனி. நடுவில் நந்தவனம், பெரியாழ்வார் துளசிக்கு அடியில் ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்த இடம். அங்கே சேவித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

மாலையைக் கோயில் வாசலில் மறிப்பவர்களிடம் வாங்காதீர்கள். "தனி வழியில் கூட்டிப் போறேன், கிளியும் வாங்கித் தர்றேன்" என்று கையைப் பிடித்து இழுப்பவர்கள் ஆடி மாதம் முழுக்க நிற்கிறார்கள். வேண்டுதலோடு வந்த வயதானவர்களை இப்படி அலைக்கழிப்பதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை. எதுவானாலும் கோயில் அலுவலகத்தில் கேளுங்கள்.

தாயார் கையில் வைக்க இலையிலும் பூவிலும் கட்டும் அந்தக் கிளியை ஒரு தடவையாவது பக்கத்தில் பார்க்க வேண்டும். மரவள்ளி இலையால் உடம்பு, மாதுளம்பூவால் மூக்கு, காக்காப்பொன்னில் (மைக்காவில்) கண், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட வாழைநார். ஒரு கிளி முடிக்க நாலரை மணி நேரம் போல ஆகும். நேற்றுக் கட்டியது இன்றைக்கு ஆகாது, தினமும் புதுசு. இலை வாடினால் இறகு சுருண்டுவிடும் என்பதால் பறித்த கையோடு கட்டுகிறார்கள். சாயங்காலம் தாயாரின் இடது கையில் ஏறும் கிளி, மறுநாள் காலை விஸ்வரூப தரிசனம் முடிந்து, கேட்டு வைத்திருந்த பக்தர் கைக்கு வருகிறது.

கர்ப்பகிருகத்தில் தீபம் காட்டும் அந்த அரை நிமிஷத்தில் முதலில் தெரிவது அந்தப் பச்சைதான். பிறகு முகம். பக்கத்தில் அவளை மணந்த ரங்கமன்னார். மற்ற கோயில்களில் எதிரே கைகூப்பி நிற்கும் கருடன், இங்கே கூடவே நிற்கிறார். மாப்பிள்ளையை அழைத்து வந்தவர் ஆயிற்றே! என்ன கேட்க வந்தோம் என்பதே அங்கே மறந்துபோகும். மறந்தால் என்ன, அவளுக்குத் தெரியும் தாயே, எல்லாம் தெரியும். சாற்றிய மாலை பிரசாதமாகக் கழுத்துக்கு வந்ததும் பெண்ணை, தாயார் அழகு பார்த்த கண்ணாடிக் கிணற்றைச் சுற்றவைத்து மறுபடி சேவிக்கச் சொல்லுங்கள்.

ஆடிப்பூரத் தேரன்று வந்தால் மாவட்டமே வடத்தில் நிற்கும். இது வானம் பார்த்த கரிசல் பூமி. மழை ஏமாற்றும் ஊர்களைக் கைத்தொழில்தான் காப்பாற்றியது. சிவகாசியிலிருந்து பட்டாசு, தீப்பெட்டி, அச்சகத் தொழிலாளிகள், சத்திரப்பட்டியிலிருந்து மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்பவர்கள், ராஜபாளையத்திலிருந்து மில்காரர்கள் எல்லாருக்கும் அவள் வீட்டுப் பெண். முன்பு மரச் சக்கரத்தில் தேர் நிலைக்கு வர நாள் கணக்காகும். இப்போது இரும்புச் சக்கரம், அன்றைக்கே வந்துவிடுகிறது. தேரை நிறுத்தச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர்கள் ஒதுங்கச் சொன்னால் உடனே ஒதுங்குங்கள்; ரதவீதித் திருப்பங்களில் குழந்தைகளை நிறுத்தவே வேண்டாம்.

திரும்பும்போது பால்கோவா வாங்காமல் யாரும் போவதில்லை. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பண்டம். பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் கிடையாது. விறகடுப்பில், அகன்ற இரும்புச் சட்டியில் கைவிடாமல் கிண்ட வேண்டும். கொஞ்சம் அசந்தால் அடிப்பிடித்து முழுச் சட்டியும் தீய்ந்த வாசம் அடிக்கும். அன்றைக்குக் கிண்டியதா என்று கேட்டு, கொஞ்சம் வாயில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். மாவு போல ஒட்டினால் வேண்டாம். வெயிலில் காருக்குள் வைத்துவிடாதீர்கள்.

கிளி கிடைத்தவர்கள் அதைப் பையில் அமுக்காமல் தாம்பாளத்தில் வைத்து மடியிலேயே கொண்டு போங்கள். பூஜை அறையில் இலை காய்ந்து பழுப்பான பிறகும் மாதுளம்பூ மூக்கு சிவப்பு மாறாமல் கொஞ்ச நாள் இருக்கும்.