சிப்பிக்காளான்: மூன்றாவது முயற்சி

திருச்சியில் ஏப்ரல் மாதம் சிப்பிக்காளான் போட்டதுதான் என் முதல் தவறு. சிப்பிக்கு ஏற்றது 23 முதல் 28 டிகிரி வரை. எங்கள் பின்கட்டு அறையில் பகலில் 36 காட்டியது. போதாக்குறைக்கு, காளான் வளரப் பையில் அடைக்கும் வைக்கோலையும் சரியாக வடியவிடவில்லை. பத்தாம் நாள் பையின் அடியில் தண்ணீர் தேங்கி, புளித்த நாற்றம் அடித்தது. வெயில் காலம், அதனால்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நவம்பரில் ஐந்து பைகள் போட்டேன். இந்தத் தடவை காளான் விதையை (காளான் இழை படர்ந்த தானியம்) சுற்றி வெள்ளை இழைகள் அழகாக ஓடின. ஒன்பதாம் நாள் காலையில் ஒரு பையில் கடுகளவு பச்சைப் புள்ளி. இரண்டே நாளில் உள்ளங்கை அகலம். ட்ரைக்கோடெர்மா என்கிற பச்சைப் பூஞ்சை. வேர் அழுகல் வராமலிருக்க மிளகாய்ச் செடிக்குக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறோமே, அதே இனம்தான். காளான் பையில் மட்டும் எதிரி. ஒரு வாரத்தில் ஐந்தும் போயிற்று.

அதன் பிறகு ஒரு மாதம் அந்த அறையைத் திறக்கவே இல்லை. பெரிய செலவு ஒன்றும் இல்லை. பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு மறுபடியும் அந்தப் பச்சையைப் பார்க்க வேண்டுமே என்றுதான் பயம். அத்தைதான் ஒருநாள், "அஞ்சு வேண்டாம்மா, ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாரு" என்றார். ஒன்று என்றதும் மனசு ஒப்புக்கொண்டது.

ஜனவரியில் அந்த ஒரு பை. முன்பெல்லாம் வைக்கோலில் கொதிநீரை ஊற்றி மூடி வைத்ததோடு சரி. இம்முறை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஐந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் முழுதாகக் கொதிக்கவிட்டேன். டெட்டால் போட்டுத் துடைத்த விரிப்பில் பரப்பினேன். தூசி வரும் என்று ஃபேன் போடவில்லை. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது, ஆனால் உள்ளங்கை நனைய வேண்டும். முதல் இரண்டு முறையும் இதைக் கண்ணால் பார்த்தே "போதும்" என்று முடிவு செய்திருந்தேன். இப்போது மூன்று முறை பிழிந்து பார்த்தேன், மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. அப்புறம் 12க்கு 24 அங்குலப் பையில் வைக்கோல் ஐந்து அடுக்கு, இடையிடையே விதை.

ஒன்பதாம் நாள் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே போய் டார்ச் அடித்து நாலு பக்கமும் பார்த்தேன். வெள்ளைதான்.

பதினேழாம் நாள் பை முழுக்க வெளுத்தது. பிளேடால் கீறிவிட்டு, சுற்றிலும் ஈரச் சாக்கு கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். இருபத்தொன்றாம் நாள் குண்டூசித் தலை போல மொட்டுகள். அடுத்த மூன்று நாளில் அவை விரிந்த வேகம் இருக்கிறதே, காலையில் பார்த்தது மாலையில் இல்லை! கொத்தாகத் திருகி எடுத்ததில் 310 கிராம். சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கினோம்.

இப்போது மூன்று பைகள் தொங்குகின்றன. நேற்று ஒன்றில் ஓரமாய்ப் பச்சை தெரிந்தது. அதை உடனே வெளியே கொண்டுபோய்க் குழியில் புதைத்துவிட்டு, அடுத்த பைக்கு வைக்கோல் ஊறப்போட்டிருக்கிறேன்.