இறங்கும் இடமும் இறக்கும் இடமும்

பிழைதிருத்தும் வேலையில் என்னை அடிக்கடி நிறுத்திவைக்கும் வினைச்சொற்களில் ஒன்று 'இறங்கு'. குழந்தைகூடச் சரியாகப் பேசிவிடும். எழுதும்போதுதான் ஓர் எழுத்து மாறினாலும் பொருள் கவிழ்ந்துவிடுகிறது.

நாமே கீழே வந்தால் இறங்குகிறோம். இன்னொன்றைக் கீழே கொண்டுவந்தால் இறக்குகிறோம். திரும்பு, திருப்பு, அடங்கு, அடக்கு என்பவை மாதிரிதான் இதுவும். சிக்கல் 'இற' என்ற வேறொரு வினையால் வருகிறது. இறந்தான், இறக்கினான் என்னும்போது குழப்பமே இல்லை. நிகழ்காலத்தில் இறக்கிறான், இறக்குகிறான் என்று ஒரு 'கு'தான் வித்தியாசம். எதிர்காலப் பெயரெச்சத்தில் அதுவும் போய், இரண்டுமே 'இறக்கும்' ஆகிவிடும்.

'பயணிகள் இறக்கும் இடம்' என்று ஒரு பலகை வாசகம் எங்கள் மேசைக்கு வந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த பெண், "வண்டி ஆளுங்கள இறக்கிவிடுற இடம்தானே அக்கா, சரியாத்தானே இருக்கு?" என்றாள். 'பயணிகளை' என்று ஐ உருபு இருந்தால் சரி. அது இல்லாவிட்டால் பயணிகளே எழுவாயாகி, அவர்கள் உயிர்விடும் இடம் என்றாகிறது. "இறங்கும் இடம்னு போட்டுடலாம்மா" என்றேன். 'சரக்கு இறக்கும் இடம்' என்பதில் உருபே தேவையில்லை. மனிதர்களைப் பற்றி எழுதும்போதுதான் இந்தச் சங்கடம்.

இந்த வினையின் இன்னொரு குணம் எனக்கு மிகவும் பிடிக்கும். விட்டு வந்த இடம், போய்ச் சேர்ந்த இடம் இரண்டையும் அது ஏற்கும். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3இன் விக்ரம் கலம் நிலவில் இறங்கியது. அப்புறம் பிரக்யான் ஊர்தி விக்ரமிலிருந்து இறங்கியது. இங்கே 'விக்ரமில் இறங்கியது' என்று எழுதினால், ஊர்தி எங்கிருந்தோ வந்து விக்ரமின் மேல் இறங்கியதுபோல் ஆகும். தலைப்பில் இடம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவது அந்த 'இருந்து'தான். விடாமல் திரும்பச் சேர்ப்பேன்.

விலை இறங்குவது, காய்ச்சல் இறங்குவது, போராட்டத்தில் இறங்குவது எல்லாம் தானாகவே சரியாக வந்துவிடும்.

மரணச் செய்திகளை மட்டும் கூடுதலாக ஒருமுறை படிப்பேன். வருந்துவதற்கு இடையின 'ர' போட்ட 'இரங்கல்'தான் வரவேண்டும். அவசரத்தில் 'ஆழ்ந்த இறங்கல்' என்று எழுதி அனுப்புகிறவர்கள் நிறைய. அந்த வீட்டுக்காரர்கள் கத்தரித்துப் பத்திரப்படுத்தப் போகும் துண்டு அது. அதில் பிழையை விட்டுவைக்க எனக்கு மனம் வராது.