சூரைச்செடியின் கீழ் வைத்த அடை

கடந்த ஆண்டு லெந்து எனும் தவக்கால நாட்களில் ஓர் இரவு, மூன்று மணி இருக்கும், நெஞ்சு படபடக்க விழித்துக்கொண்டேன். உள்ளங்கைகள் வியர்த்து, விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் போதவில்லை. மாரடைப்பு என்றே நினைத்தேன். அவசரப் பிரிவில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்த மருத்துவர், இதயத்தில் கோளாறு ஏதுமில்லை என்று சொல்லிவிட்டு, "சமீபத்தில் மனதை அழுத்திய விஷயம் ஏதாவது உண்டா அம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்பா இறந்து அப்போது ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

வெட்கத்தினால்தான் அப்படிச் சொன்னேன். நான் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று தொடங்கும் வசனத்தை எத்தனையோ பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தவள். கவலையே வடிவாக நானே நிற்பது, கற்பித்த வசனத்துக்குச் செய்த துரோகமாகத் தோன்றியது. ஜெபக்குழுவில் மூத்தவர் ஒருவரிடம் மட்டும் மனதைத் திறந்தேன். "விசுவாசம் குறையும்போதுதான் பயம் உள்ளே வரும், உபவாசம் இருந்து ஜெபம்பண்ணு மகளே" என்று அன்போடுதான் அவர் சொன்னார். மூன்று நாள் உபவாசம் இருந்தேன். ஏற்கெனவே தூக்கம் கெட்டிருந்த உடல் இன்னும் தளர்ந்து, நான்காம் நாள் இரவில் வந்த நடுக்கம் முதல் நாளைவிடக் கடுமையாக இருந்தது.

அடுத்த வாரம் பிள்ளைகளுக்கு எலியாவைப் பற்றிய பாடம். ஆயத்தம் செய்ய முதலாம் இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறங்கச் செய்த தீர்க்கதரிசி, ராணி யேசபேலின் மிரட்டலைக் கேட்டதும் உயிருக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். சிறு வயதிலிருந்தே அறிந்த கதைதான். ஆனால் தேவன் அதற்கு என்ன செய்தார் என்பதை நான் ஒருநாளும் நின்று கவனித்ததில்லை. அவர் கடிந்துகொள்ளவில்லை. முதலில் எலியாவைத் தூங்கவிட்டார். பிறகு தேவதூதன் தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுடப்பட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. எலியா சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொள்ள, தூதன் இரண்டாம் தரமும் வந்து சாப்பிடச் சொல்கிறான். "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி வருவதோ, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்த பிறகுதான். சோர்ந்த உடலுக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டே கர்த்தர் அவரோடு பேசத் தொடங்கினார் என்பதைப் படித்தபோது, பட்டினியால் அதே உடலை நான் வருத்தியதை நினைத்து அழுதேன்.

மறுநாளே மனநல மருத்துவரைப் பார்க்கப் போனேன். ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடலை ஆயத்தப்படுத்தும் அட்ரினலின், ஆபத்தே இல்லாத வேளையிலும் சுரந்துவிடுவதால்தான் இந்தப் படபடப்பு என்றும், பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் அது உச்சத்தை எட்டிப் பிறகு தணியும் என்றும் அவர் விளக்கினார். மாத்திரையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், கொஞ்சம் தேறியதும் நானாக நிறுத்திவிடக் கூடாது என்றும் எச்சரித்தார். மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று நம்மில் பலர் இன்னும் நினைப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களிடம் நாம் அப்படிச் சொல்வதில்லையே.

வசனத்தையும் நான் திரும்பப் படித்தேன். "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்பதற்கு முந்தைய வாக்கியம் "கர்த்தர் சமீபமாயிருக்கிறார்" என்பது. வசன எண் நடுவில் நிற்பதால், அந்த ஆறுதலை விட்டுவிட்டுக் கட்டளையை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறோம். இதைப் பிலிப்பியருக்கு எழுதிய அப்போஸ்தலன் பவுலும் அப்போது கட்டப்பட்டவராகக் காவலில் இருந்தவர். சபைகளைக் குறித்த கவலை தம்மை நாள்தோறும் நெருக்குகிறது என்று கொரிந்தியருக்கு மறைக்காமல் எழுதியவர். 1856 அக்டோபர் 19 அன்று லண்டனில் புகழ்பெற்ற பிரசங்கியாரான ஸ்பர்ஜன் பிரசங்கித்த அரங்கில், யாரோ "தீ" என்று கத்தியதால் ஏற்பட்ட நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அப்போது அவருக்கு வயது 22. அதன்பின் வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்ப வந்த மனச்சோர்வைப் பற்றி அவர் தம் சபையாரிடம் வெளிப்படையாகவே பேசினார்.

இப்போது என் ஜெபத்தில் 88-ஆம் சங்கீதத்துக்கு இடமுண்டு. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியிலாவது துதிக்குத் திரும்பும், இது திரும்புவதில்லை. தோழர் விலகி, அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்றே முடிகிறது. அப்படிப்பட்ட ஒரு ஜெபத்தையும் தேவன் தம் வேதத்தில் வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்; துதி வராத இரவுகளில் அதையே வாய்விட்டு வாசிக்கிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக என்னைத் தாங்கியது அக்காள். அந்த நாட்களில் அவள் எனக்கு வசனம் எதுவும் சொல்லவில்லை. காலையில் ரசஞ்சோற்றைப் பிசைந்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கட்டிலின் தலைமாட்டில் வைத்து, "எழும்புட்டி, ரெண்டு வாய் சாப்பிடு" என்பாள். கெத்செமனேயில் இயேசுவும், "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சீஷர்களிடம் மறைக்காமல் சொல்லி, தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள்; ஆனாலும் அவர் கேட்டார். இதை வாசிக்கும் உங்களுக்கு அப்படிக் கேட்க வீட்டில் ஒருவரும் இல்லையென்றால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இரவிலும் தமிழில் பேசலாம்.

மாதத்தில் ஓரிரு இரவுகள் இன்னமும் அந்தப் படபடப்பு வருகிறது. முன்பெல்லாம் அக்காள் காலையில் வேலைக்குப் போக வேண்டியவளாயிற்றே என்று சத்தமில்லாமல் கூடத்தில் நடந்துகொண்டிருப்பேன். இப்போது அவள் அறைக் கதவைத் தட்டுகிறேன்.