ஆச்சியின் கட்டைவிரல்

ரேஷன் கடையில் எனக்கு முன்னால் நின்ற பாட்டிக்குக் கைரேகை விழவில்லை. விரலை முந்தானையில் துடைத்தார், தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றினார். ம்ஹூம்.

எங்கள் ஆச்சிக்கும் இதே கதைதான்.

ஆட்டுக்கல், சாம்பல் போட்டுத் துலக்கிய பாத்திரம், அப்புறம் ராத்திரி வரைக்கும் பீடி சுற்றல். ரேகை எங்கே மிஞ்சும்?

2021 பொங்கலுக்கு அரசு 2,500 ரூபாய் கொடுத்தது. வாங்கிய கையோடு சின்ன அத்தைக்கு சிலிண்டர், தம்பிக்கு காலேஜ் ஃபீஸ் என்று பிரித்துவிட்டாள்.

"உனக்கு ஆச்சி?"

"வெத்தலைக்கு இருக்குல்லா."

குடும்பத்துக்காகத் தேய்ந்த விரலைத்தான் மெஷினுக்கு அடையாளம் தெரியாதாம்!

இப்போது கருவிழி மெஷினும் வந்துவிட்டது, சரி. ஆச்சிக்கு அதுவும் சந்தேகம்தான். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்குக் கூப்பிட்டால், "பெரியவ பிரசவம் முடியட்டும்ல" என்பாள். அது முடிந்தால் அடுத்தவள் பிரசவம்.