பழவேற்காட்டுச் சாலையில் ஒரு சாக்பீஸ் கோடு

பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு முன்பே பெரம்பூரிலிருந்து கிளம்பினோம். நானும் என் அக்கா மகனும். பூநாரை பார்க்க வேண்டும் என்று மார்கழி முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தான். பழவேற்காட்டுக்கு நல்ல வழி எது என்று யாரைக் கேட்டாலும், மாதவரம் தாண்டி ஜி.என்.டி. சாலையில் ஏறி, தச்சூர் கூட்டுச்சாலையில் திரும்பிப் பொன்னேரிக்குப் போகச் சொல்வார்கள். நான் திருவொற்றியூர் வழியைப் பிடித்தேன். எங்கள் வண்டியான புல்லட்டின் பிறந்த ஊரை அவனுக்குக் காட்ட வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. புல்லட்டுகள் உருவானது திருவொற்றியூரில். அதற்கும் ஒன்பது ஆண்டுகள் முன்னால், 1946-ல், இதே ஊரில் ஒரு சிறிய கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்துகொண்டிருந்தார். 1952-ல் அவர் டிரெட் ரப்பர் தயாரிப்பில் இறங்கினார். தேய்ந்த டயரின் மேல் புதிய தோலாக ஒட்டும் ரப்பர் அது. இன்றைய எம்.ஆர்.எஃப். அந்தக் கொட்டகையிலிருந்து வளர்ந்தது. வண்டிக்கும் டயருக்கும் ஒரே தாய்வீடு என்று சொன்னபோது, பின்னால் உட்கார்ந்திருந்தவன், "பலூனிலிருந்தா மாமா?" என்று கேட்டான். காற்றை அடைத்து வைக்கிற வேலைதானே இரண்டும் என்றேன்.

அங்கிருந்து மணலி, மணலி புதுநகர் வழியாக மீஞ்சூருக்குப் போகிறது திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலை. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக இந்தப் பக்கம் ஓடுகின்றன. சாலையின் இடது ஓரத்தைக் கூர்ந்து பார்த்தால், கறுப்பாக முதலைத் தோல் போலக் கிடப்பவை எல்லாம் லாரி டயரின் துண்டுகள். லாரிகளின் ரேடியல் டயரில் ரப்பருக்கு அடியில் எஃகுக் கம்பிகள் ஓடும். டயர் வெடித்துச் சிதறினால் ரப்பர் துண்டு கண்ணுக்குத் தெரியும். நாம் விலகிப் போய்விடலாம். உதிர்ந்த கம்பி தெரியாது. தலைமுடியைவிடச் சற்றே தடிமனாக, நகத்தின் நீளம்கூட இல்லாமல் தார் மேல் கிடக்கும்.

மணலி புதுநகர் தாண்டிச் சிறிது தூரத்தில் வண்டியின் பின்பக்கம் சேற்றில் நடப்பது போல் ஆனது. முதலில் சாலையில் மணல் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் வால் பக்கம் ஆடியதும் புரிந்துவிட்டது. இந்த இடத்தில் பிரேக்கை அழுத்தக் கூடாது. ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டுவிட்டு, கைப்பிடியை நேராகப் பிடித்துக்கொண்டு, வண்டி தானாக வேகம் குறையும்வரை காத்திருக்க வேண்டும். பின்னால் லாரி வரும்போது அந்தச் சில நொடிகள் மிக நீளமானவை. ஓரம் கட்டினேன். பின்சக்கரம் ரிம்மில் நின்றது.

இது கம்பிச் சக்கரம், டியூப் உள்ள டயர். டியூப்லெஸ் டயர் என்றால் ஆணி குத்தினாலும் அது அங்கேயே அடைத்துக்கொண்டு நிற்கும். காற்று மெதுவாக இறங்கும். அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம். டியூபில் அந்தச் சலுகை கிடையாது. காற்று இறங்கிய பிறகும் ஓட்டினால் டயர் ரிம்மின் மேல் வழுக்கிச் சுழலும். டியூபையும் கூடவே இழுக்கும். வால்வின் அடியில் டியூப் கிழியும். அப்படிக் கிழிந்ததை ஒட்ட முடியாது. ஆகவே தள்ளினோம். 200 கிலோவை நெருங்கும் வண்டி. ஏறத்தாழ அரை மணி நேரம். அக்கா மகன் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தான்.

வேப்பமரக் கிளையில் ஒரு பழைய டயர் தொங்கியது. அதன் கீழே தண்ணீர் நிரப்பிய பாதி டிரம், ஒரு கம்ப்ரசர், ஒரு ஸ்டூல். பெரியவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தியதும் அவர் கருவிகளை எடுக்கவில்லை. சக்கரத்தை மெல்லச் சுற்றிப் பார்த்தார்.

"வால்வு சாய்ந்திருக்கிறது தம்பி. காற்று குறைவாக இருந்தபோது நிறைய ஓட்டியிருக்கிறீர்கள்."

உண்மைதான். பின்னால் ஆள் ஏறினால் இந்த டயருக்குக் காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ. வேண்டும். மூன்று நாட்களுக்கு முன்பு வீட்டருகே ஒரு கடையில் பஞ்சர் ஒட்டினேன். வேலை முடிந்ததும் அளவுமானி இல்லாமல் கையால் அழுத்திப் பார்த்து, போதும் என்று அனுப்பிவிட்டார்கள். நானும் அதன் பிறகு சரிபார்க்கவில்லை. இதைச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்தார். வால்வுக்கு நேராக டயரின் பக்கச் சுவரில் ஒரு கோடு போட்டார். அதன் பிறகுதான் டயரை நெம்பும் லீவரைத் தொட்டார்.

வால்வைத் திறந்து மிச்சக் காற்றை விட்டார். குதிகாலால் டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து இறக்கினார். இரண்டு லீவர்களைச் சாணளவு இடைவெளியில் செருகி ஒரு பக்கத்தை மட்டும் வெளியே எடுத்து, டியூபை உருவினார். சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்றவே இல்லை. டியூபில் காற்றடித்து டிரம் தண்ணீரில் அமுக்கிச் சுற்றிக்கொண்டே வந்தபோது, ஓரிடத்தில் ஊசிமுனை அளவில் குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. பழைய ஒட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி.

டியூபைத் துடைத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு வால்விலிருந்து அந்தத் துளை வரை கையால் அளந்தார். ஒரு சாண், நான்கு விரல். பிறகு டயரில் சாக்பீஸ் கோட்டிலிருந்து அதே ஒரு சாண், நான்கு விரல் அளந்து, அந்த இடத்தில் டயருக்குள் கையை விட்டார். கையில் ஒரு பழந்துணியைச் சுற்றியிருந்தார். வெறும் விரல் போனால் கம்பி கிழித்துவிடும். துணி எங்கோ மாட்டியது. இடுக்கியால் வெளிப்பக்கத்திலிருந்து பிடித்து இழுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எஃகுக் கம்பி. அரை நகம் நீளம்.

"இது நேற்று ஏறியதில்லை. முந்தைய பஞ்சரையும் இதுதான் செய்தது. டியூபை ஒட்டினார்கள், குத்தினவனை உள்ளேயே விட்டுவிட்டார்கள்."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கடையில் டியூபை ஒட்டியது ஐந்தே நிமிடம். டயருக்குள் ஒரு கை போகவில்லை. அந்தக் கம்பியோடு மூன்று நாட்கள் ஊருக்குள் ஓட்டியிருக்கிறேன். இன்று லாரிகளுக்கு நடுவில் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்து வந்திருக்கிறேன். பஞ்சர் ஒட்டுவது என்றால் துளையை அடைப்பது மட்டும் என்று நினைக்கிறவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். காரணத்தைத் தேடி எடுக்காத வேலைக்கு நான் இனிமேல் காசு கொடுக்க மாட்டேன்.

பெரியவர் துளையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்தார். வழவழப்பு போய் ரப்பர் சாம்பல் நிறத்துக்கு வந்தது. சொல்யூஷன் என்கிற ஒட்டுப்பசையை மெல்லியதாகப் பூசிவிட்டு ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்தார். "ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் வெயிலில் கழன்றுவிடும். பளபளப்பு போகட்டும்." பளபளப்பு போனது. பேட்ச்சை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுத்தியல் காம்பால் அழுத்தித் தேய்த்தார். மறுபடி தண்ணீர், குமிழி இல்லை. டியூபை உள்ளே வைக்கும்போது சற்றே காற்றடித்து உருண்டையாக்கி வைத்தார், மடிப்பு விழாமலிருக்க. வால்வை நேராக நிறுத்தினார். கடைசி விளிம்பை ஏற்றும்போது லீவரைத் தவிர்த்துக் கைகளாலேயே அமுக்கி ஏற்றினார். லீவரின் முனை டியூபைக் கடித்துவிடும் என்ற பயம் அவருக்கு அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இருந்தது. மானி வைத்துப் பார்த்து 32-ல் நிறுத்தினார். 120 ரூபாய் கேட்டார்.

கிளம்பும்போது டயரின் நடுப்பகுதியைக் கட்டைவிரலால் தடவினார். "ஓரத்தில் இன்னும் பள்ளம் இருக்கிறது, நடுவில் தட்டையாகிவிட்டது. ரப்பர் குறைந்தால் ஆணிக்குத் தூரம் குறைவு. மாற்றிவிடுங்கள்."

அந்த வாக்கியம் நாள் முழுவதும் கூடவே வந்தது. டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். தேய்மானத்தைக் காட்டுவதற்கென்றே வைத்தவை. இரு சக்கர வாகனத்துக்குப் பள்ளத்தின் ஆழம் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் என்பது நம் மோட்டார் வாகன விதியின் எல்லை. மேல்பரப்பு அந்த மேட்டோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது. நான் பக்கவாட்டில் நின்று பார்த்து, ஓரத்தில் பள்ளம் தெரிகிறதே என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். சென்னை வண்டிகள் பெரும்பாலும் நேராகவே ஓடுகின்றன, தேய்வது நடுப்பகுதி. பார்க்க வேண்டியதும் அங்கேதான். ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவது அந்த நடுப்பள்ளம்தான். சென்ற மழை முழுவதும் அது இல்லாமலே ஓட்டியிருக்கிறேன்.

பழவேற்காட்டில் வெயில் ஏறிவிட்டது. பாலத்தின் மேல் நின்றபோது தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. ஒரு நேரத்தில் கோடு எழுந்து பறந்தது. அக்கா மகன் பேச்சே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள்; அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து வாயிலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதையும் பார்த்துவிட்டு, மீன் குழம்போடு சாப்பிட்டுவிட்டு, தச்சூர் வழியாக நிதானமாகத் திரும்பினோம்.

மறுநாள் டயரும் டியூபும் வாங்கப் போனேன். கடைக்காரர் முதலில் கொடுத்த டயரின் பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கங்களைத் தேடினேன். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் சொல்லும். மூன்றரை ஆண்டு பழையது. வேறு கேட்டேன், தயக்கமில்லாமல் உள்ளேயிருந்து புதியதை எடுத்து வந்தார். அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைப் பார்க்கிறதா என்று அக்கா மகன் குனிந்து சரிபார்த்தான். புதிய டயரின் மேல் ஒரு வழவழப்பு இருக்கும். முதல் 100 கிலோமீட்டருக்கு வளைவில் சாய்க்காதீர்கள் என்று கடைக்காரர் சொன்னார்.

கழற்றிய பழைய டயரை ஓரமாக உருட்டிவிடப் போனார்கள். கொஞ்சம் இருங்கள் என்று வாங்கி, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு உள்ளே சுற்றிலும் தடவினேன். இரண்டு இடங்களில் துணி மாட்டியது.