தையல் லைனில் நான் கற்றுக்கொண்டது

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனபோது, முதல் நாள் புரொஜெக்டரைப் போட்டு 2 மணி நேரம் நானே பேசிவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாதிப் பேருக்குக் கண் சொருகியது. அவர்களைக் குறை சொல்லவே முடியாது, விடிவதற்கு முன்னால் எழுந்து வீட்டுக்குச் சமைத்துவைத்துவிட்டு பஸ் பிடித்து வந்தவர்கள்.

மறுநாள் புரொஜெக்டரைத் தொடவில்லை. மடிப்பு தடித்துப்போய்த் திரும்பி வந்த ஒரு அப்பரை, அதாவது ஷூவின் மேல்பாகத்தை, மேஜையில் வைத்து, "இதுல எங்க தப்பு?" என்று மட்டும் கேட்டேன். ஒரு அக்கா அதைக் கையில் எடுத்து, விளிம்பைக் கட்டைவிரலால் தடவி, "ஸ்கைவிங் சரியா பண்ணல சார், ஓரத்துல தோல் இன்னும் மெலிசாகணும்" என்றார். அடுத்த அரை மணி நேரம் அவர்தான் வாத்தியார், நான் இடையிடையே ஊசி அளவைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொன்னேன்.

பெரியவர்கள் தங்கள் அனுபவத்தை வைத்துத்தான் கற்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் வலியுறுத்தினார். படித்ததுதான், ஆனால் உறைத்தது அந்த மேஜையில்.

இப்போது 20 நிமிஷத்துக்கு மேல் பேசுவதில்லை. ஒரு வாரம் கழித்து லைனுக்கே போய்ப் பார்க்கிறேன். போன தடவை அந்த அக்கா, புதிதாகச் சேர்ந்த பெண்ணின் விரலைப் பிடித்து ஓரத்தில் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.